முப்பது வயதில் டிஸ்லெக்சியா சான்றிதழ்: யாருக்கு, எங்கே, எதற்கு

என் தம்பி மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான். ஒவ்வொரு பெட்டியின் மேலும் நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அவன் எழுதினால் இரண்டு இலக்கம் இடம் மாறும், ஓர் எழுத்து காணாமல் போகும். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் இரண்டு முறை தவறிப் படிப்பை விட்டவன். 31 வயது வரைக்கும் 'கவனமில்லாதவன்' என்றுதான் பெயர். போன வருடம்தான் அது டிஸ்லெக்சியா என்று தெரிந்தது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலேயே இன்னும் சிலருக்கு இது இருக்கும் என்று நினைக்கிறேன். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

டிஸ்லெக்சியாவுக்கும் புத்திக் குறைவுக்கும் சம்பந்தம் இல்லை. எழுத்தைப் பார்த்ததும் அதற்குரிய ஒலியை மூளை எடுத்துக் கொடுப்பதில் சிரமம், அவ்வளவுதான். பிறவியிலேயே இருப்பது, பல குடும்பங்களில் தலைமுறையாக வருவது, வளர்ந்த பிறகும் கூடவே இருப்பது. தமிழிலும் இது வரும். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ல, ள, ழ வேறு. நமக்குப் பழகிப்போனதால் தெரிவதில்லை. தம்பி ஒவ்வொரு முறையும் அங்கே நின்றுதான் போகிறான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1995-ல் வந்த பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. டிஸ்லெக்சியா அதில் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அந்த எண்ணிக்கையை 21 ஆக்கியது. 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற தலைப்பில் டிஸ்லெக்சியாவும், எழுதுவதிலும் கணக்கிலும் வரும் சிரமங்களும் சேர்ந்தன. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19-ல். அதற்கு முன்பே பள்ளியை விட்டவர்கள் கையில் சான்றிதழ் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சான்றிதழுக்கு இணையத்தில், தனித்துவ அடையாள அட்டைக்கான மத்திய அரசுத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று போதும். தனியாகச் செய்யத் தயக்கம் என்றால் இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். பிறகு அரசு மருத்துவமனையில் பரிசோதனை. வடசென்னைக்காரர்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி இருக்கிறது. முதலில் கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அப்புறம் உளவியலாளர் அறிவுத்திறன் சோதனை வைப்பார், அதன் பிறகே வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகள். நீங்கள் மந்தமானவர் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் டிஸ்லெக்சியா என்றே எழுதுகிறார்கள். தம்பி இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஓர் அலுவலகத்தில் எங்களிடம் "இது சின்னப் பிள்ளைங்களுக்குத் தாம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அது தவறு. விதிமுறை குழந்தைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பது உண்மைதான். எட்டு வயதில் முதல் சான்றிதழ், 14-லும் 18-லும் மறுபரிசோதனை என்று அதில் இருக்கிறது. ஆனால் 18 வயதில் கொடுக்கும் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்றும் அதிலேயே இருக்கிறதே. வளர்ந்ததும் குறைபாடு போய்விடும் என்றால் ஆயுள் முழுக்க எதற்கு? சான்றிதழ் மறுக்கப்பட்டால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மறுப்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திங்கட்கிழமைகளில் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளில் மனுவும் கொடுக்கலாம்.

அட்டை மூன்று நிறத்தில் வருகிறது. குறைபாட்டின் அளவு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம். 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்குள் வருவீர்கள். அந்த நான்கில் ஒரு சதவீதத்தைத்தான் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். உயர்கல்வியில் 5 சதவீத இடமும் ஐந்து வருட வயதுத் தளர்வும் உண்டு. மாதாமாதம் தரும் பராமரிப்பு உதவித்தொகையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்; அது டிஸ்லெக்சியாவுக்கு இல்லை.

எழுத்துத் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. குரூப் 4 போல மூன்று மணி நேரத் தேர்வு என்றால் ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கும்.

வெள்ளை அட்டை வந்தால் எல்லாம் முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. விகாஷ் குமார் என்பவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய். 40 சதவீதம் இல்லை என்று சிவில் சர்வீஸ் தேர்வில் அவருக்கு உதவியாளர் மறுக்கப்பட்டார். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 40 சதவீதம் என்பது இட ஒதுக்கீட்டுக்கான கோடு. எழுதச் சிரமப்படுகிறவருக்கு எழுதித் தர ஆள் மறுப்பதற்கான கோடு அல்ல என்று 2021 பிப்ரவரி 11-ல் தீர்ப்பு வந்தது. அதை ஒட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிமுறையே வெளியிட்டது. எழுதுவதில் சிரமம் இருக்கிறது என்று அரசு மருத்துவரிடம் அதற்குரிய படிவத்தில் சான்று வாங்கினால், 40-க்குக் கீழே உள்ளவரும் உதவியாளரும் கூடுதல் நேரமும் கேட்கலாம். ஒருவரின் மன உறுதியால் எத்தனை பேருக்கு வழி திறந்திருக்கிறது!

வேலை இடத்தைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. சம வாய்ப்புக் கொள்கையை அரசு அலுவலகம் மட்டுமல்ல, தனியார் நிறுவனமும் வெளியிட வேண்டும். தம்பி மேற்பார்வையாளரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, நம்பரை ஃபோட்டோ எடுத்துட்டு அதைப் பார்த்து ஏத்துறேன்." ஒத்துக்கொண்டார். பிழை மிகவும் குறைந்துவிட்டது. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: மாற்றுத்திறனாளியை நாலு பேர் முன்னால் வேண்டுமென்றே கேவலப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை என்கிறது 92-ஆம் பிரிவு.

வளர்ந்தவர்களின் கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சம இடம் தர வேண்டும் என்பது 18-ஆம் பிரிவு. எழுத்தே தெரியாதவர்கள் 15 வயதுக்கு மேல் எந்த வயதிலும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட வகுப்பில் சேரலாம். ஓரளவு வாசிப்பவர்களுக்குத் தினமும் கொஞ்ச நேரப் பயிற்சி உதவும். தம்பி இரவில் இருபது நிமிடம் செய்தியைக் கைபேசி வாசிக்க வாசிக்க, விரல் வைத்து எழுத்தைத் தொடர்கிறான். காதும் கண்ணும் சேர்ந்தால் பிடிபடுகிறது. அவசரப்பட்டால் திரும்பவும் குழம்புகிறது.

இப்போது தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதத் தயாராகிறான். மொழிப்பாட விலக்கு, கூடுதல் நேரம், 'சொல்வதை எழுதுபவர்' இவை மூன்றும் தேர்வுத் துறை தரும் சலுகைகள். சான்றிதழ் நகலை இணைத்து, விண்ணப்பிக்கும்போதே தேர்வுத் துறையின் சேவை மையத்தில் கேட்டுவிட வேண்டும். தேர்வன்று காலையில் தேர்வு மையத்தில் போய்க் கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.