கிளிபுளோசின்: சலத்தோடு சீனியைப் போக்கும் மருந்தின் பெயர்

யாழ்ப்பாணத்தில் நீரிழிவைச் சலரோகம் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். சலம் என்பது இங்கே சிறுநீர். நோயின் பெயரே சலத்தை நோக்கி விரல் நீட்டுகிறது. அதனால்தான் கிளினிக்கில் புதிய மாத்திரை தொடங்கிய ஒருவர், சில நாள் கழித்துச் சலம் சோதித்த துண்டில் சீனி மிகுந்திருக்கக் கண்டால், வருத்தம் முற்றிவிட்டதென்று கலங்குகிறார். அவருக்குரிய விடை அந்த மாத்திரையின் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

டப்பாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் ஆகிய மருந்துப் பெயர்களின் பொது ஈறு கிளிபுளோசின். இதிலுள்ள ‘கிளி’, கிளிபென்கிளமைட்டு, கிளிக்கிளசைட்டு முதலிய பழைய மாத்திரைகளின் பெயர்களிலும் வருவது. இரத்தச் சீனியைக் குறைக்கும் மருந்து என்பதற்கான குறி. ‘புளோசின்’ என்பது புளோரிசின் என்ற பெயரின் எச்சம். ஐரோப்பிய வேதியியலாளர்கள் 1835 இல் அப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த கசப்புப் பொருளே புளோரிசின். கிரேக்க மொழியில் புளோயோசு என்றால் பட்டை, ரைசா என்றால் வேர். அது உடலிற் சேர்ந்தால் சிறுநீரோடு குளுக்கோசு வெளியேறும் என்பதை ஜேர்மானிய மருத்துவர் வொன் மேரிங் 1886 இல் எடுத்துக்காட்டினார். ஆயினும் புளோரிசின் குடலிலேயே சிதைந்துவிடுவதால் மருந்தாகவில்லை. அதன் அமைப்பைத் திருத்தி உருவாக்கிய டப்பாகிளிபுளோசின் 2012 இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

நலமுள்ள ஒருவரின் சிறுநீரகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோசை வடித்து, அனைத்தையும் இரத்தத்துக்கே திருப்பி எடுத்துக்கொள்கிறது; அதில் 90 சதவீதத்தை மீட்பது ஒரேயொரு கடத்திப் புரதம். கிளிபுளோசின் அந்தக் கடத்தியை மறிப்பதால் மிகையான சீனி சலத்தோடு போகிறது. 2015 இல் வெளியான பேராய்வில், இருதய நோயும் உடைய நீரிழிவாளரிடையே எம்பாகிளிபுளோசின் இருதய, குருதிக்குழாய் நோய்களால் நேரும் மரணத்தை 38 சதவீதம் குறைத்தமை தெரியவந்தது. சீனியைக் குறைக்க வந்த மருந்து இருதயத்தைக் காத்தது என்பதே இந்தத் துறையில் நான் மிக மதிக்கும் செய்தி.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? நம் பாடநூல் வழக்கைப் பின்பற்றினால் ‘குளுக்கோசு மீளகத்துறிஞ்சல் நிரோதி’ என வரும். பொருள் பிழையில்லை, ஆனால் நோயாளிக்கு எட்டாது. ‘சீனி மீளுறிஞ்சல் தடுப்பி’ என்பதையே எழுத்துக்கு ஏற்றதாகக் கருதுகிறேன். நேரிற் பேசும்போது ‘சலத்தோடு சீனியைப் போக்கும் குளிசை’ என்றால் போதும். 19 ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த மருத்துவர் கிறீனின் ஊரில் இது இயலாத காரியமன்று.

சீனியோடு நீரும் போவதால் உடல் வறளலாம். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் வரலாம். கந்தசஷ்டிபோல் உணவை ஒறுக்கும் விரதங்களிலும், வாந்தியிலும், சத்திரசிகிச்சைக்கு முன்பும் இரத்தம் அமிலமாகும் ஆபத்து இருப்பதால், குளிசையை இடைநிறுத்துவது பற்றி வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். இதை எடுப்பவர்களுக்குச் சலச் சோதனை சீனியின் அளவுகோல் ஆகாது. இரத்தச் சோதனையையே பார்க்க வேண்டும்.