லோகோவுக்குக் கறுப்பு ஸ்ப்ரே அடிக்கும் முன்

நான் கார் பெயின்ட் பட்டறை நடத்துகிறேன். இப்போதெல்லாம் ஒரே மாதிரியான வேலை திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டிலேயே ஸ்ப்ரே டப்பா வாங்கி, முன் கிரில்லில் இருக்கும் லோகோவுக்கும் டிக்கியில் இருக்கும் பெயர் எழுத்துகளுக்கும் மேட் பிளாக் அடித்திருப்பார்கள். அது பாதி உரிந்தும் பாதி ஒட்டியும் நிற்கும்போது வண்டி எங்களிடம் வரும். நிறம் மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் எந்த டப்பாவை எந்த லோகோமேல் அடிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். காரின் பிரேக்கும் உங்கள் நுரையீரலும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

பளபளவென்று இருக்கும் லோகோ பெரும்பாலும் உலோகம் அல்ல. ஏபிஎஸ் பிளாஸ்டிக்மேல் செம்பு, நிக்கல், கடைசியாகக் குரோமியம் என்று ஏற்றிய முலாம் அது. மேலே உள்ள குரோமியம் ஒரு மைக்ரான் கனம்கூட இருக்காது. அந்த வழவழப்பில் சாதாரண ஸ்ப்ரே பெயின்டுக்குப் பிடிமானமே கிடையாது. நாலு தடவை வாட்டர் வாஷ் செய்தால் ஓரத்தில் கிளம்பிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு அடித்தால் பிடிக்கும், ஆனால் அப்புறம் அந்தக் குரோம் திரும்பி வராது. புது லோகோ வாங்குவதுதான் வழி.

அதனால் வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது உரிக்கக்கூடிய ரப்பர் கோட்டிங் மட்டும்தான். பிளாஸ்டி டிப் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்த வகை. பிளையர், ஸ்பேனர் கைப்பிடிகளை முக்கி எடுப்பதற்காக வந்த பொருள், பிறகு ஸ்ப்ரேயாகவும் கிடைக்க ஆரம்பித்தது. பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம், அடியில் குரோம் அப்படியே இருக்கும். ஆனால் அது உரிந்து வருவதற்குக் கனம் வேண்டும். டப்பாவை மிச்சம் பிடிக்க இரண்டு கோட்டோடு நிறுத்துவதுதான் எங்களிடம் வரும் கேஸ்களில் பாதி. மெல்லிய படலம் உரியாது, துண்டு துண்டாகக் கிழியும். அப்படி ஆகிவிட்டால் நகத்தாலும் பிளேடாலும் சுரண்டாதீர்கள். அதன்மேலேயே இன்னும் மூன்று நான்கு கோட் அடித்து நன்றாகக் காயவிட்டு உரித்துப் பாருங்கள், பழையதும் சேர்ந்து வந்துவிடும்.

அடிக்கும் முறையில் முக்கியமானது சுத்தம். டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் இவற்றில் இருக்கும் சிலிகான் பட்ட இடத்தில் கோட்டிங் குழி குழியாக விலகும். ஷாம்பூ போட்டுக் கழுவி, காய்ந்ததும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். தின்னர் வேண்டாம், அது பிளாஸ்டிக்கையே அரிக்கும். முதல் கோட் தூவினாற்போல் இருக்கட்டும், அடியில் குரோம் தெரிந்தால் பரவாயில்லை. டப்பாவை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் ஐந்து கோட்டாவது கொடுங்கள். கடைசி கோட் ஈரமாக இருக்கும்போதே மாஸ்கிங் டேப்பை எடுத்துவிட வேண்டும். காய்ந்தபின் இழுத்தால் லோகோவில் உள்ளதும் கூடவே வரும். நம்பர் பிளேட்டை முழுவதுமாக மூடிவிடுங்கள். உயர் பாதுகாப்பு பிளேட்டின் ஒளி திருப்பும் பரப்பில் பெயின்ட் தூசி படியக் கூடாது.

நேரமும் பார்க்க வேண்டும். மத்தியான வெயிலில் சொட்டு காற்றிலேயே காய்ந்து மணல் மாதிரி விழும். மழைக்கால ஈரத்தில் வெண்மை படரும். பனி விலகிய காலை வேளை நல்லது.

பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: டேங்க் லோகோவுக்கு இந்தக் கோட்டிங் வேண்டாம். பெட்ரோல் பட்டால் இது கரையும். பங்க்கில் நாசிலிலிருந்து சிந்தும் இரண்டு சொட்டே போதும்.

இனி பிரேக் விஷயம். மெர்சிடிஸ், ஃபோக்ஸ்வாகன், டொயோட்டா போன்ற நிறுவனங்களின் சில மாடல்களில் முன் லோகோவுக்குப் பின்னால் ரேடார் இருக்கிறது. முன்னால் போகும் வண்டியின் தூரத்தைப் பார்த்து வேகத்தைக் குறைப்பதும், ஆபத்தில் தானாகப் பிரேக் பிடிப்பதும் அதை நம்பித்தான். 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்றால் அலைநீளம் 4 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அந்த அலை சிதறாமல் கடந்து போகும்படி லோகோவின் பொருளையும் கனத்தையும் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். அதன்மேல் நாம் ஐந்து கோட் ரப்பர் ஏற்றினால் அந்தக் கணக்கு கெடும். அலுமினியத் துகள் கலந்த மெட்டாலிக் பெயின்ட் என்றால் இன்னும் மோசம். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். எரியாமலேயே ரேடாரின் பார்வை குறைந்தால்தான் பெரிய ஆபத்து. ரேடார் சென்சார்மேலும் அதன் மூடிமேலும் ஸ்டிக்கரோ பெயின்டோ கூடாது என்று டொயோட்டா கையேட்டிலேயே இருக்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம். சாதாரண லோகோ மேடுபள்ளமாக இருக்கும், இடைவெளி வழியே கிரில் தெரியும். ரேடார் லோகோ தட்டையாக, வழவழப்பான ஒரே துண்டாக இருக்கும். சின்னம் கண்ணாடிக்கு அடியில் இருப்பதுபோலத் தெரியும். சந்தேகம் இருந்தால் கையேட்டைப் பாருங்கள். பின்பக்க எழுத்துகளோடு நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது.

நான் மிகவும் கவலைப்படுவது டூ-கே கிளியர் டப்பாக்களைப் பற்றி, அதாவது இரண்டு பாகம் கலந்து இறுகும் நிறமற்ற மேல்பூச்சு. அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே பூச்சை இறுகவைக்கும் ஹார்டனர் கலக்கும், பூச்சு கல் மாதிரி நிற்கும். அதனால் இதை வாங்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. பெயின்டர்களுக்கு வரும் தொழில்சார் ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அது. வாசனையை வைத்து அளவு தெரியாது. உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகக் குறைந்த அளவே மூச்சை இறுக்கும், அது வாழ்நாள் முழுக்க நீடிக்கலாம். துணி மாஸ்க்கும் மருத்துவ மாஸ்க்கும் இதற்கு எந்தப் பயனும் தராது. பட்டறையில் இதற்குத் தனி அறையும், வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் முகமூடியும் வேண்டும். வீட்டு வாசலில், குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் இடத்தில், டூ-கே அடிக்கவே கூடாது.

ரப்பர் கோட்டிங்கிலும் எளிதில் தீப்பற்றும் கரைப்பான் உண்டு. டப்பாவைத் தள்ளும் வாயு பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும்தான், நம் சமையல் கேஸில் இருப்பவை. காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் அடிக்காதீர்கள். வாசல் மாடத்தில் விளக்கோ ஊதுபத்தியோ எரிந்தால் அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். மிச்ச டப்பாவைக் காருக்குள் வைக்கவும் வேண்டாம். 50 டிகிரிக்கு மேல் சூடாக்காதே என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள், மே மாத வெயிலில் மூடிய கார் அதைச் சுலபமாகத் தாண்டும்.

ஏற்கெனவே டூ-கே அடித்துவிட்டவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மூச்சுத்திணறலும் இருமலும் அப்போதே வரவேண்டும் என்பதில்லை, சில மணி நேரம் கழித்து, இரவில்கூட வரலாம். அப்படி வந்தால் சளி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் போங்கள், டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஐசோசயனேட் என்ற ஒரு சொல் கிடைத்தால் எதைச் சோதிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.