மூத்த தாரத்துப் பிள்ளைகளும் உங்கள் வீடும்

மறுமணப் பேச்சில் சொத்து என்று வாய் திறந்தாலே அபசகுனம் என்பார்கள். கோர்ட்டில் பார்ப்பவனுக்கு, பேசாமல் விட்டதுதான் அபசகுனம்.

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். முதல் கணவர் தவறிவிட்டார், ஒரு மகள். கணவர் இவர் பெயரிலேயே கிரயம் வாங்கிய வீடு, பங்குக்கு விட்டிருக்கும் ஒரு ஃபைபர் வள்ளம், கொஞ்சம் நகை. கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு இரண்டு பையன்கள். "அந்தப் பசங்க என் வீட்டுல பங்கு கேப்பாங்களா சார்?"

நேரடியாகக் கேட்க முடியாது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர்கள் இவருடைய பிள்ளைகள் அல்ல. ஆனால் புதுக் கணவர் வாரிசு. இவர் உயில் எழுதாமல் போனால் மகளுக்குப் பாதி, கணவருக்குப் பாதி. அந்தப் பாதி அவர் காலத்துக்குப் பின் அவருடைய பையன்களுக்குப் போகும். இவர் மகளுக்கு அதில் ஒரு செங்கல்கூட வராது. "அவரு வாங்குன வீடுமா?" என்றார். அதுவும்தான்.

உயில் ஒன்றே போதும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். உயிரோடு இருக்கும்போதே மகளுக்கு செட்டில்மெண்ட் எழுதுவதென்றால், ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். உயிலை நினைத்தால் மாற்றலாம், செட்டில்மெண்ட் அப்படியல்ல.

இது இந்துக்களுக்கு. தங்கச்சிமடத்துக் கிறிஸ்தவப் பெண் என்றால் கதையே வேறு: 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, திருமணத்துக்கு முன் எழுதிய உயில் தாலி ஏறியதும் செல்லாமல் போய்விடும். பலருக்கு இது தெரியாது. கல்யாணம் முடிந்தபின் மறுபடி எழுத வேண்டும். கீழக்கரை முஸ்லிம் குடும்பங்களில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. அதையும் ஒரு வாரிசுக்கே எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். அங்கே ஹிபாதான், அதாவது உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் தானம்தான் வழி, சொத்தை அப்போதே கைமாற்றிக் கொடுத்தால்.

பேங்க் டெபாசிட்டில் நாமினி போட்டாச்சே என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கும் ஆள், அவ்வளவுதான். நகைக்குப் பில்லும் போட்டோவும் இருக்கட்டும். வள்ளத்தின் பதிவு யார் பெயரில் என்று மீன்வளத் துறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மாப்பிள்ளையையும் எழுதச் சொல்லுங்கள். அவர் உயில் இல்லாமல் போனால் இந்தப் பெண்ணுக்கும் அந்தப் பையன்களுக்குச் சமமான பங்கு உண்டு. அந்தப் பயம் அந்த வீட்டிலும் இருக்கும்.