முதல் நோயாளி ஏரிதான்

கவனிப்பாரற்ற ஏரிக்கரையில் ஓய்வில்லம் கட்ட வருபவர் கண்ணைவிட மூக்கை நம்புவது நல்லது. அழுகிய முட்டை வாடை அடித்தால், அடிச்சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஆக்சிஜன் இல்லாமலே பிழைக்கும் பாக்டீரியாக்கள் அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாடைக்கு நடுவே எவ்வளவு அழகாகக் கட்டினாலும் யாருக்கு மனம் ஆறும்?

பெரும்பாலும் குற்றவாளி பாஸ்பரஸ். சாக்கடையோடும் வயலில் போட்ட உரத்தோடும் வந்து சேர்வது. 1973இல் கனடாவில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 226 என்று எண்ணிட்ட ஓர் ஏரியைத் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் பாசி பூத்துப் பச்சையானது, மறுபக்கம் அப்படி ஆகவில்லை. பாசி செத்து அடியில் மக்கும்போதுதான் ஆக்சிஜன் காலியாகிறது.

ஆகவே முதலில் எழவேண்டியது கட்டடமல்ல, நாணல் படுகை. சரளைக்கல் நிரப்பிய ஆழமற்ற தொட்டியில் நாணலும் சம்பும் வளர்த்து, ஏரிக்கு வரும் கழிவுநீரை அதன் வழியே மெல்ல ஓடவிடுவார்கள். தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியே கொஞ்சம் ஆக்சிஜன் வேருக்கு இறங்கும். வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். பாஸ்பரஸில் ஒரு பங்கு சரளையில் ஒட்டிக்கொள்ளும், செடியை அறுத்து அகற்றினால் இன்னும் கொஞ்சம் வெளியேறும். ஆனால் சேற்றில் ஏற்கெனவே தேங்கியது ஆண்டுக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். அவசரக்காரருக்கு ஏற்ற வேலையல்ல.

சரி, ஏரி தேறிவிட்டது. மனிதருக்கு என்ன? பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவமனைப் பதிவேடுகளை ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் ஒப்பிட்டு 1984இல் வெளியிட்டார். சன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள்; கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான். உளவியலாளர்களான ரேச்சல், ஸ்டீபன் கேப்லன் தம்பதியர் இதுபோன்றவற்றுக்கு ஒரு விளக்கம் தந்தார்கள்: வேலையில் நாம் இழுத்துப் பிடித்து வைக்கும் கவனம் களைத்துப்போகிறது; சிற்றலையும் அசையும் நாணலும் நம்மை வற்புறுத்தாமல் ஈர்ப்பதால் அதற்கு ஓய்வு கிடைக்கிறது.

இதைக் கேட்டதும் பலர் நீரை ஒட்டிக் கண்ணாடிச் சுவர் எழுப்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உச்சியிலிருந்து விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத்தான் தண்ணீர் திருப்பியனுப்பும். சூரியன் சாயச் சாய அது பல மடங்கு ஏறும். மேற்கு பார்த்த அறையில் மாலை முழுக்கக் கண்ணைச் சுருக்கியபடி உட்காரவேண்டியதுதான். மேலிருந்து வரும் வெயிலைத்தான் இறவாரம் தடுக்கும். கீழிருந்து வரும் கூச்சத்துக்குக் கரையில் விட்டுவைத்த நாணல்தான் திரை. இன்னொரு வில்லங்கமும் உண்டு. கறுத்த கண்ணாடி தன்மேல் பட்டுத் தெறிக்கும் ஒளியை நீர்ப்பரப்பைப் போலவே முனைவாக்கும், அதாவது பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரவைக்கும். நீரில் முட்டையிடும் மேஃபிளை பூச்சிகள் அந்த ஒளியைக் கண்டு கண்ணாடியைத் தண்ணீர் என்று நம்பி அதில் முட்டையிடும், ஒன்றும் பொரியாது.

அதனால் வீட்டைக் கரையிலிருந்து தள்ளி, முதுகுக்கு ஒரு கெட்டிச் சுவரும் முன்னால் திறந்த திண்ணையுமாக வைக்கலாம். ஒளிந்திருந்து பார்க்க முடிகிற இடமே மனிதருக்குப் பிடிக்கும் என்று புவியியலாளர் ஜே ஆப்பிள்டன் 1975இலேயே சொன்னார். படுக்கையறைச் சன்னலை மட்டும் நீர்ப்பக்கம் வைக்கவேண்டாம். நீரையொட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பாக இருக்கும் வேளைகளில் ஒலி கீழ்நோக்கி வளையும்; அக்கரையில் இருவர் தாழ்ந்த குரலில் பேசுவதுகூடத் தலையணை வரை வந்துவிடும்.