ஆர்கானிக் ஒயின்: தமிழில் எப்படிச் சொல்வது?

பாரிஸில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் விடுமுறைக்குப் பாளையங்கோட்டை வந்திருந்தான். கடையில் கருப்பட்டிப் பொட்டலத்தின் மேல் ‘ஆர்கானிக்’ என்ற சீட்டைப் பார்த்ததும், “அங்கே ஒயினையும் இந்தச் சொல்லைப் பார்த்துத்தான் வாங்குவேன் மாமா. மருந்து கிடையாது, தலைவலி வராது” என்றான். அவனைப் போலப் பலரை இழுப்பது உடல்நலம் பற்றிய நம்பிக்கைதான். மண்ணுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் நஞ்சு வேண்டாம் என்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் நம்புவது சீட்டில் உள்ள ஒரு சொல்லை. அதன் பொருள் தெரிய வேண்டாமா?

கிரேக்கத்தில் ‘ஆர்கனான்’ என்றால் கருவி, பிறகு உடலுறுப்பு. உறுப்புகள் இசைந்து இயங்கும் உயிருடலைப் போலப் பண்ணையும் இயங்க வேண்டும் என்ற கருத்தில், 1940இல் இங்கிலாந்தின் நார்த்போர்ன் பிரபு ‘ஆர்கானிக்’ வேளாண்மை என்று எழுதினார். சொல் பேசுவது வயலைப் பற்றி.

மது வடிக்கும் தொட்டியில் கதை வேறு. ஒயின் கெடாமலிருக்க சல்பைட் என்ற கந்தகச் சேர்மத்தைச் சேர்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இனிப்பற்ற சாதாரணச் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆர்கானிக் என்றால் 100. அமெரிக்காவிலோ சல்பைட் சேர்த்தால் ‘ஆர்கானிக் ஒயின்’ என்று போடவே முடியாது, ‘ஆர்கானிக் திராட்சையில் செய்தது’ என்றுதான் போடலாம். நம் பனையேறிகள் கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். அந்தச் சுண்ணாம்பும் இப்படி ஒரு காப்புதான். தலைவலிக்குச் சல்பைட்தான் காரணம் என்பதும் நிறுவப்படவில்லை. ஆர்கானிக் ஒயினிலும் ஆல்கஹால் இருக்கத்தானே செய்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ்நாடு அரசின் 2023 வேளாண் கொள்கை ஆர்கானிக்கை ‘அங்கக’ என்கிறது. அங்கம் என்றால் உறுப்பு. மொழிபெயர்ப்பு சரிதான், ஆனால் எங்கள் பக்கத்து விவசாயி யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ‘இயற்கை வேளாண்மை’யை ஊர்தோறும் கொண்டுசென்றவர் நம்மாழ்வார். 1960களில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, ரசாயன உர வழி பிடிக்காமல் வெளியேறியவர் அவர். அந்தச் சொல் எனக்கும் நெருக்கமானது. ஆனால் ஒயினுக்கு அது ஒத்துவராது. ஏறக்குறைய எதுவுமே சேர்க்காமல் வடிப்பதை ‘இயற்கை ஒயின்’ என்று தனியாகவே அழைக்கிறார்கள். பிரான்சில் ஆர்கானிக்கைச் சுருக்கமாக ‘பியோ’ என்பார்கள். அதன் வேர் உயிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அதனால் வேளாண் வட்டாரங்களில் வழங்கும் ‘உயிர்ம’ என்பதே என் தேர்வு.

ஒயினுக்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. யவனர் கொண்டுவந்த தேறலைப் பருகி மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு வாழ்த்துகிறது. தேறுதல் என்றால் தெளிதல். தெளிந்த மது தேறல். ஆக, ‘உயிர்ம வேளாண் திராட்சைத் தேறல்’. நீளம்தான். ஆனால் ‘வேளாண்’ என்பதை விட்டுவிடக் கூடாது, உறுதிமொழி தோட்டத்திலிருந்து தொடங்குவதைக் காட்டுவது அதுதான். மருமகனிடமும் சொல்லி அனுப்பினேன்: சல்பைட் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் புட்டியில் அச்சிட்டே ஆக வேண்டும், அந்த வரியையும் படித்துவிட்டு வாங்கு என்று.