செவ்வாய் ஏன் பின்வாங்குகிறது?

ஜாதகக் கட்டத்தில் சில கிரகங்களின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக (வ) என்று போட்டிருப்பார்கள். வக்கிரம். பிறந்த நேரத்தில் அந்தக் கிரகம் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது என்று பொருள்.

இதை நான் மொட்டை மாடியில் நின்றே பார்த்தேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் செவ்வாய், பூச நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. 7ஆம் தேதிக்கு அப்புறம் மேற்கே திரும்பியது. பொங்கல் வருவதற்குள், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஏறக்குறைய ஒரு முஷ்டி அகலம் நகர்ந்து, புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களை நெருங்கிவிட்டது.

செவ்வாய் தன் பாதையில் எப்போதும் போல முன்னால்தான் போய்க்கொண்டிருந்தது. பூமி வினாடிக்கு சுமார் 30 கி.மீ. வேகத்தில் உள்வட்டத்தில் ஓடுகிறது; செவ்வாய் 24 கி.மீ. வேகத்தில் வெளிவட்டத்தில். நாம் அதை முந்தும் அந்த வாரங்களில், பஸ் ஜன்னலில் முந்தப்பட்ட லாரி தூரத்து மலையை ஒட்டிப் பின்னால் நழுவுவது போல, அது நட்சத்திரங்களுக்கு எதிரே நழுவித் தெரிகிறது.

சரி, முந்துவது எப்போது? சூரியன், பூமி, செவ்வாய் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது. ஜோதிடத்தில் இதற்கு ஒரு பழைய விதி உண்டு: கிரகம் இருக்கும் ராசியை ஒன்று என்று வைத்து எண்ணினால் 5ஆம் ராசியில் சூரியன் வந்தால் வக்கிரம், 9இல் வந்தால் வக்கிர நிவர்த்தி, அதாவது பின்னோட்டம் முடிகிறது. 2024 டிசம்பர் 7இல் செவ்வாய் கடகத்தில், சூரியன் விருச்சிகத்தில். எண்ணிப் பாருங்கள், ஐந்து. 2025 பிப்ரவரி 24இல் செவ்வாய் மிதுனத்தில், சூரியன் கும்பத்தில், ஒன்பது. நடுவில் ஜனவரி 16இல் சூரியன் நேர் எதிரே, ஏழில். தொலைநோக்கி இல்லாத காலத்தில் வானத்தை ஊன்றிப் பார்த்தவர்களின் கணக்கு இது. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை.

வக்கிர கிரகத்துக்கு சேஷ்டா பலம், அதாவது நகர்வால் கிடைக்கும் பலம், அதிகம் என்பார்கள். அந்த ஜனவரியில் செவ்வாய் சுமார் 9.6 கோடி கி.மீ. அருகில் வந்து, இரவு முழுக்கச் செக்கச்செவேலென்று எரிந்தது. பலம் என்ற எண்ணம் இந்த வெளிச்சத்திலிருந்து பிறந்திருக்கலாம். ஆனால் வக்கிரத்தால் கல்யாணம் தள்ளிப்போகும், காரியம் தடைப்படும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மாறுவது நாம் பார்க்கும் கோணம். செவ்வாயில் எதுவும் மாறவில்லை.

புதனும் சுக்கிரனும் உள்வட்டத்தில் நம்மை முந்துகின்றன. அவற்றின் வக்கிரம் பெரும்பாலும் சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிடும். செவ்வாய்தான் பார்க்க வசதி. அடுத்த வக்கிரம் 2027 ஜனவரி 10 வாக்கில் சிம்மத்தில் தொடங்குகிறது. பிப்ரவரி மூன்றாம் வாரம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கிழக்கே பாருங்கள்: மக நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக நிற்கும்.