கஞ்சா சட்டப்படி கிடைக்கும் மாநிலத்தில் வண்டி ஓட்டும்போது: அமெரிக்க விதிகள்

அமெரிக்காவில் பல மாநிலங்களில் 21 வயது ஆனவர் கடையில் கஞ்சா வாங்கலாம். அதன் போதையில் வண்டி ஓட்ட எந்த மாநிலத்திலும் அனுமதி இல்லை. மருந்தாகக் கஞ்சா எடுக்க அனுமதிக்கும் மருத்துவ அட்டை வைத்திருந்தாலும் இதேதான். குற்றத்தை எப்படி நிரூபிக்கிறார்கள் என்பதுதான் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

வாஷிங்டன் மாநிலத்தில், வண்டி ஓட்டிய 2 மணி நேரத்துக்குள் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 நானோகிராம் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) இருந்தாலே குற்றம். ‘ஒழுங்காகத்தான் ஓட்டினேன்’ என்ற வாதம் அங்கே எடுபடாது. கொலராடோவிலும் அதே 5 நானோகிராம்தான். ஆனால் அதை வைத்து ஓட்டுநர் நிதானத்தில் இல்லை என்று ஜூரி முடிவெடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். 5-க்குக் குறைவாக இருந்தாலும் மற்ற சாட்சியங்களைக் கொண்டு வழக்குப் போடுவார்கள். கலிபோர்னியாவில் இப்படி ஒரு அளவே கிடையாது. ஓட்டிய விதமும் போலீஸ் கவனித்ததும்தான் பேசும். மிகக் கடுமையானது பென்சில்வேனியா. போதை எப்போதோ இறங்கிவிட்டாலும், டிஎச்சி உடைந்து உண்டாகும் கழிவுப்பொருள் ரத்தத்தில் இருந்தால் போதும். மாநில அரசே தந்த மருத்துவ அட்டையும் காப்பாற்றாது.

நானோகிராம் கணக்கை மதுவின் அளவுபோல நம்ப முடியாது. புகைத்த சில நிமிடங்களில் ரத்தத்தில் டிஎச்சி உச்சத்துக்கு ஏறி, மளமளவென்று இறங்கிவிடும். தடுமாற்றமோ அதற்குப் பிறகும் நீடிக்கும். தினமும் பயன்படுத்துபவருக்குக் கொழுப்பில் சேர்ந்த டிஎச்சி நாள்கணக்கில் ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கும். இதனால் ஆபத்தாக ஓட்டியவர் தப்புவதும், வலிக்காக எடுக்கும் நோயாளி நிதானமாக இருந்தும் சிக்குவதும் நடக்கிறது. இது நியாயமே இல்லை.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? எப்போதாவது எடுப்பவர்களுக்குக் கொலராடோ அரசு சொல்வது இது: 35 மில்லிகிராமுக்குக் குறைவான டிஎச்சி புகைத்திருந்தால் குறைந்தது 6 மணி நேரம், 18 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டிருந்தால் 8 மணி நேரம். தின்பண்டத்தில் போதை ஏறவே ஒன்றிரண்டு மணி ஆகலாம். ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று சாவியை எடுப்பவர்கள் பாதி வழியில் தடுமாறுவது அதனால்தான். கூடவே மது குடித்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

போலீஸ் நிறுத்தினால் கண்ணசைவைப் பார்ப்பார்கள், நேர்கோட்டில் 9 காலடி வைத்து நடந்து திரும்பச் சொல்வார்கள், ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வார்கள். கொலராடோவில் இவற்றைச் செய்யக் கட்டாயமில்லை. ரத்தப் பரிசோதனை வேறு விஷயம். நீதிமன்ற வாரன்ட் இல்லாமல் கேட்கும்போது மறுத்ததற்காக மட்டும் சிறையில் போட முடியாது என்று 2016-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் போலீஸ் வாரன்ட் வாங்கி ரத்தம் எடுக்கலாம். ஓட்டுநர் உரிமமும் போகும்: கொலராடோவில் முதல் மறுப்புக்கே ஓராண்டு. போதையில் ஓட்டிய குற்றத்துக்கு முதல் முறை தண்டனை அங்கே 5 நாள் முதல் ஓராண்டு வரை சிறை, 600 முதல் 1,000 டாலர் அபராதம்.

விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல். மத்திய சட்டப்படி கஞ்சா இன்னமும் குற்றம். தண்டனை வரும்வரை காத்திராமல், போதையில் ஓட்டிக் கைதானதற்கே எச்-1பி வேலை விசாவை அமெரிக்கத் தூதரகம் ரத்து செய்யலாம். கஞ்சா வைத்திருந்ததாக நீங்களே ஒப்புக்கொண்டால், அடுத்த முறை நாட்டுக்குள் நுழைவதும் தடைபடலாம். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடமும் பேசிவிடுங்கள். போக்குவரத்து வழக்கைப் பார்க்கும் வழக்கறிஞர் விசா பக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும்.